பீரோவுக்குப் பின்னால் இருந்த படம்

ஒரு பள்ளிக்கூடத்து உயிரியல் கூடத்தில் மூன்று பேர் குடியிருந்தார்கள். சுவரில் தொங்கிய செல் படம், ஜன்னலோரத்துச் செம்பருத்தித் தொட்டி, பீரோவுக்குப் பின்னால் சுருட்டிக் கட்டி வைக்கப்பட்ட மனித இனப்பெருக்கப் படம்.

செல் படத்துக்கு வாய் அதிகம். உடம்புக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் தன்மேல்தான் எழுதியிருக்கிறது என்ற மிதப்பு. செம்பருத்தி அப்படியில்லை, பட்டு அறிந்தது. மாவுச்சத்துச் சோதனைக்காகப் பியூலா டீச்சர் ஒருமுறை அதை இருட்டுப் பீரோவுக்குள் பூட்டினார். பயிற்சி வகுப்புக்குப் போன இடத்தில் அதை மறந்தே போனார். வெளியே எடுத்தபோது செடிக்கு உயிர் இருந்தது, மொட்டுகள்தான் எல்லாம் கொட்டிப் போயிருந்தன.

சுருளுக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். ஒரு வருஷம் அதையும் சுவரில் மாட்டினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து சிரிப்பு கிளம்பியது. மறுநாள் யாரோ ஒரு அப்பா பள்ளி வாசலில் நின்று கத்தினார். டீச்சர் தனியாக உட்கார்ந்து அழுதார். அன்றைக்குச் சுருட்டிக் கட்டியதுதான். அதன்பிறகு அந்தப் பாடம் வந்தால், "இது ஈஸியான பாடம், வீட்ல படிச்சுக்கோங்க. கேள்வி வந்தா சாய்ஸ்ல விட்டுரலாம்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். தன்னிடம் ஏதோ அசிங்கம் இருக்கிறது என்று சுருள் நம்பிவிட்டது. பாவம், நாலு பேர் சிரித்தால் யாராக இருந்தாலும் அப்படித்தானே நம்புவார்கள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்தாம் வகுப்புச் செண்பகவல்லி உள்ளே வந்தாள். வழக்கம்போல டிபன் பாக்ஸைத் திறந்து ஜன்னல் வழியாக வெளியே கொட்டினாள். பஸ்ஸில் யாரோ குண்டு என்று சொன்னதிலிருந்து இதுதான் நடக்கிறது. காலையிலும் அவள் சாப்பிடுவதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவளின் பின்னாலேயே தோழி ரஹ்மத் வந்தாள்.

"ஏட்டி செண்பா, எதுக்கு அழுத?"

"மாசம் மாசம் வரவேண்டியது ரெண்டு மாசமா வரலட்டி."

"அதுக்கு?"

"விளையாட்டு விழா அன்னிக்கு நம்ம கிளாஸ் சந்தனக்குமார் பாட்டில்ல வாய் வச்சுத் தண்ணி குடிச்சேன்லா. எச்சில் பட்டா பிள்ளை உண்டாகும்னு சித்தி மக சொல்லியிருக்கா. அவனுக்கும் தெரிஞ்சிருக்கு போல. அன்னையிலேர்ந்து என்னையப் பார்த்தாலே ஓடுதான்."

ரஹ்மத்தும் அதை உண்மை என்றுதான் நம்பியிருந்தாள்.

"அம்மா நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாளாம். அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுருவாரு. நான் சாயந்தரம் வீட்டுக்குப் போகமாட்டேன். ஏதாவது பஸ்ல ஏறிருவேன்."

"எங்கட்டி போவ?"

"தெரியல."

செல் படம் வெலவெலத்துப் போனது. "ஐயோ, இந்தப் பிள்ளை ஆற்றலுக்கு வழியில்லாமல் அல்லவா கிடக்கிறது! அடுப்புக்கு விறகே போடாமல் உலை கொதிக்கவில்லை என்று அழுகிறதே!"

"எனக்கு வந்ததுதான் இவளுக்கும் வந்திருக்கும்," என்றது செம்பருத்தி. "பட்டினி போட்டால் உடம்பு முதலில் உயிரைத்தான் பிடித்துக்கொள்ளும். பூப்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று நிறுத்திவிடும். ஆனால் நாம் கத்தினால் இவளுக்குக் கேட்கவா போகிறது? ஏய் சுருளே, பிள்ளை எப்படி உண்டாகும் என்பது உன்மேல்தான் இருக்கிறது. கீழே விழு!"

"மாட்டேன். சிரிப்பார்கள்."

"சிரிக்கட்டுமே!"

"உனக்கென்ன, நீ பூ. உன்னைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்பவில்லை. டீச்சர் மறுபடியும் அழுவார். இந்தத் தடவை என்னைக் கிழித்தே போடுவார்கள்."

செண்பகவல்லி புத்தகப் பையைத் தோளில் மாட்டினாள். பையில் மாற்றுத் துணி திணித்து வைத்திருந்தது, வாய் மூடாமல் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதைப் பார்த்ததும் சுருளின் பயம் வேறு பயமாக மாறியது. இவள் வாசலைத் தாண்டினால் எந்தப் பஸ், எந்த ஊர், யார் கையில்? அது கண்ணை மூடிக்கொண்டு பீரோவை விட்டுச் சரிந்தது. இற்றுப்போன நூல் அறுந்து, படம் தரையில் முழுசாக விரிந்தது.

சத்தம் கேட்டுப் பியூலா டீச்சர் ஓடிவந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் வெளிறியது. "யாரு இதை எடுத்தது?"

"தானா விழுந்துச்சு மிஸ்."

அவர் மளமளவென்று சுருட்ட ஆரம்பித்தார். முடிந்தது கதை என்று சுருள் நினைத்தது. வாசலில் செண்பகவல்லி நின்றாள்.

"மிஸ், ஒரே பாட்டில்ல தண்ணி குடிச்சா பிள்ளை உண்டாகுமா?"

சாய்ஸ்ல விட்டுரலாம் என்பது டீச்சரின் நாக்கு நுனிவரை வந்தது. காய்ந்த உதட்டையும் பையிலிருந்து துருத்திய பாவாடை நுனியையும் அவர் பார்த்தார். சுருட்டுவதை நிறுத்தி, சின்னப் பிள்ளையைப் போலக் கூச்சத்தோடு படத்தைப் பார்த்தார். அந்தக் கூச்சத்தில் சுருளுக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பாடத்தை இவருக்கும் யாரும் நடத்தியதில்லை.

"உண்டாகாது," என்றார் டீச்சர். "சத்தியமா உண்டாகாதும்மா. நீ சாப்பிட்டியா?"

செண்பகவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் தன் டிபனைத் திறந்து அவள் மடியில் வைத்தார். "சரியா சாப்பிடாட்டியும் தள்ளிப்போகும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன். உங்க அம்மாட்ட நானே பேசுதேன்."

"நிஜமாவே உண்டாகாதா மிஸ்?" என்று கேட்டாள் ரஹ்மத்.

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பாதி சுருட்டிய படத்தை மறுபடியும் விரித்தார்.

மதிய வகுப்பில் சுருள் சுவரில் தொங்கியது. அத்தனை கண்களும் தன்மேல் இருக்க, அது கடைசி பெஞ்சைப் பார்த்தபடி சிரிப்புக்காகக் காத்திருந்தது. டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் கதையைப் பெயர் சொல்லாமல் கேட்டார். "இதை உண்மைன்னு நம்புறவங்க கை தூக்குங்க. யாரையும் திட்ட மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

பிறகு கடைசி பெஞ்சிலிருந்து முதல் கை எழுந்தது. விளையாட்டு விழாவிலிருந்து சரியாகத் தூங்காத சந்தனக்குமாரின் கை அது.