நாற்பத்தேழில் முடியும் முகவரி

ஞானப்பிரகாசம் இருபத்தொன்பது வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வயது ஐம்பத்து மூன்று. வீட்டில் சும்மா உட்கார அவருக்கு மனம் வரவில்லை. திருச்சியில் ஒரு ரத்த தானப் பதிவகத்தின் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் மெஹருன்னிசாவிடம் போய், "எனக்கு இந்த வேலையைக் கத்துக் கொடுங்க" என்று நின்றார்.

மெஹருன்னிசாவுக்கு முப்பத்தைந்து வயது. வந்தவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "உக்காருங்க சார்" என்று தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அவள் அவருக்கு டீச்சர்.

எட்டு மாவட்டத்து மருத்துவமனைகள் அந்தப் பதிவகத்தின் இணையதளத்தில்தான் ரத்தம் தேடின. எந்த ஊரில் யாருக்கு என்ன வகை ரத்தம், அவரை எந்த எண்ணில் கூப்பிடலாம் என்பதெல்லாம் அந்த ஒரு சர்வரில் இருந்தது. அதன் கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழைய, உலகத்தின் ஏதேதோ மூலைகளிலிருந்து பொழுதெல்லாம் முயற்சி நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முயற்சியும் லாக் என்னும் பதிவேட்டில் ஒரு வரியாக விழும். நேரம், முயன்ற இணைப்பின் எண் முகவரி, தோல்வி.

அந்த முகவரிகளைப் பொறுக்கி எடுத்துத் தடுப்பது முதல் வேலை. புகார் எழுதுவது இரண்டாவது வேலை.

"புகார் ரெண்டு இடத்துக்குப் போகணும் சார். ஒண்ணு, பொதுப் பட்டியல். அதைப் பாத்து மத்த சர்வர்காரங்களும் அந்த முகவரியைத் தடுத்துடுவாங்க. இன்னொண்ணு, அந்த முகவரிக்கு இணைப்பு கொடுத்த கம்பெனி."

"கம்பெனிக்கு எழுதினா பதில் வருமா டீச்சர்?"

"நூத்துக்கு ரெண்டு வரும்."

ஞானப்பிரகாசம் சீக்கிரமே கற்றுக்கொண்டார். ஒரு நாளைக்கு நானூறு முகவரிகள் வரை பட்டியலில் ஏற்றினார். பதில் வராத கம்பெனிகளுக்கு எழுதுவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார். பட்டியலில் புகாருக்குக் கீழே இரண்டு வரி எழுத இடம் இருந்தது. அந்த இடத்தில் அவருடைய கோபம் போய் உட்கார்ந்தது. நோயாளிக்கு ரத்தம் தேடித் தரும் இடத்தில் வந்து திருடப் பார்க்கிறார்களே என்று அவருக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, நாற்பத்தேழில் முடியும் ஒரு முகவரி லாக் முழுக்க நிறைந்திருந்தது. ஒரே நாளில் ஒன்பதாயிரம் முயற்சி. தமிழ்நாட்டு முகவரி. அதுதான் அவரை இன்னும் சுட்டது. தடுத்தார். பட்டியலில் ஏற்றினார். கீழே எழுதினார்: 'திட்டமிட்டுச் செயல்படும் கிரிமினல். இரக்கம் காட்ட வேண்டாம்.'

அதே முகவரி அன்று வேறு பல சர்வர்களையும் தாக்கியிருந்தது. மாலைக்குள் அங்கிருந்தும் புகார்கள் வந்து சேர்ந்தன. மறுநாள் பட்டியலில் அந்த முகவரிக்கு எதிரே மிக ஆபத்து என்ற சிவப்பு நிறம். ஞானப்பிரகாசம் அன்று ஒரு தேநீர் கூடுதலாகக் குடித்தார்.

வியாழக்கிழமை முற்பகலில் பதிவகத்தின் அவசரத் தொலைபேசி ஒலித்தது. மெஹருன்னிசா வெளியே போயிருந்தாள். அவரே எடுத்தார்.

"ஐயா, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். லேப் டெக்னீஷியன் செங்கமலம். ஓ நெகட்டிவ் வேணும். தாய்க்கு ரத்தப்போக்கு நிக்கலை."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. திரையில் தேடினார். ஒரத்தநாட்டில் லாரி ஓட்டும் வடிவழகன் என்பவர் அகப்பட்டார். அவரைக் கூப்பிட்டார். "இந்தா கிளம்பிட்டேன்" என்றார் வடிவழகன். இன்னொருவரையும் கூப்பிட்டுத் தயாராக இருக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் கழித்துச் செங்கமலம் மறுபடியும் பேசினாள். தாய் பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை.

நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கிய நிம்மதியில் அவர் கேட்டார்.

"ஏம்மா, சைட்லயே தேடியிருக்கலாமே? நேரம் மிச்சமாயிருக்குமே."

"சைட் தெறக்கலைங்க, திங்கக்கிழமைலேர்ந்து. தெறந்தாலும் நான் தொடக்கூடாது. என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இது என் சொந்த போன்."

"எதுக்கு?"

"எங்க ஆஸ்பத்திரிலேர்ந்து யாரோ திருட்டு வேலை பண்றாங்கன்னு இன்டர்நெட்ல வந்திருக்காம். நெட் கனெக்‌ஷன் பாக்க வந்தவர் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக் காட்டிட்டாரு. கம்ப்யூட்டரைத் தொடற ஆள் இங்க நான் ஒருத்திதானே."

"அந்தத் தாள்ல ஏதாவது நம்பர் இருக்காம்மா?"

அவள் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். கடைசி எண் நாற்பத்தேழு.

மெஹருன்னிசா திரும்பி வந்தபோது அவருடைய சாப்பாட்டு டப்பா திறந்தபடி இருந்தது. சோற்றில் கை பட்ட அடையாளம் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

"டீச்சர், நான் பண்ணது தப்பா?"

"அந்த முகவரி நம்ம சர்வரைத் தாக்குச்சா?"

"தாக்குச்சு. தடுத்த பிறகும் தட்டிக்கிட்டே இருக்கு, லாக்ல விழுது."

"அப்ப தடுத்தது சரி. பட்டியல்ல போட்டதும் சரி."

"பின்னே எனக்கு ஏன் சோறு இறங்கலை?"

மெஹருன்னிசா மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள்.

"பட்டுக்கோட்டைக்கு காலைல பஸ் எத்தனை மணிக்கு சார்?" என்றாள்.

மறுநாள் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. இருபது படுக்கை கொண்ட மருத்துவமனை. டாக்டர் வைரக்கண்ணுவின் மேசையில், கண்ணாடிக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. தலைகீழாகப் படித்தாலும் ஞானப்பிரகாசத்துக்கு அது புரிந்தது. அவருடைய வரிகளுக்கு யாரோ சிவப்புப் பேனாவால் அடிக்கோடு இட்டிருந்தார்கள்.

"முப்பது வருஷமா இந்த ஊர்ல பிரசவம் பாக்கறேன்" என்றார் டாக்டர். "இப்ப நான் கிரிமினலை வெச்சு ஆஸ்பத்திரி நடத்தறேன்னு ஊரெல்லாம் பேச்சு. மெயில் போகலை. இன்சூரன்ஸ்காரன் பதில் போட மாட்டேங்கறான். அந்தப் பொம்பளையைப் பத்து வருஷமா நம்பினேன்."

அந்தப் பொம்பளை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கையுறையைக் கழற்றி, அதைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

ஞானப்பிரகாசம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தன் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவருக்காக அவள் பேசப்போவதில்லை என்று தெரிந்தது.

"சார், இதை எழுதினது நான்தான்" என்றார்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"உங்க முகவரிலேர்ந்து தாக்குதல் வந்தது நிஜம். ஆனா யார் பண்றாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

டாக்டர் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு மெஹருன்னிசா கேட்டாள், "இந்த நெட் கனெக்‌ஷன்ல கம்ப்யூட்டர் தவிர வேற என்னென்ன மாட்டியிருக்கீங்க சார்?"

மருந்து அலமாரியின் மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. வாசலிலும் வார்டு நடையிலும் இருக்கும் கேமராக்கள் பிடிப்பதைப் பதிவுசெய்யும் பெட்டி. வெளியூரில் இருக்கும்போது கைபேசியில் பார்க்கலாம் என்று போன வருடம் மாட்டியது.

"இதுக்குப் பாஸ்வேர்டு யார் வெச்சது?"

"அதுக்குப் பாஸ்வேர்டு வேற இருக்கா?" என்றார் டாக்டர்.

கம்பெனியிலிருந்து வரும்போது இருந்த கடவுச்சொல்லே அதில் இருந்தது. எவனோ எங்கோ இருந்து அதற்குள் புகுந்து, அங்கே உட்கார்ந்தபடி ஊரிலுள்ள சர்வர்களையெல்லாம் தாக்கிக்கொண்டிருந்தான். மெஹருன்னிசா தன் கைபேசி இணைப்பில் பதிவகத்தின் லாகைத் திறந்து ஞானப்பிரகாசத்தின் முன் வைத்தாள். பிறகு நாற்காலி மேல் ஏறி, பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினாள்.

"என்ன வருது சார்?"

மணி பன்னிரண்டு பதினான்குக்கு ஒரு வரி. அதற்கப்புறம் அந்த முகவரியிலிருந்து எதுவும் வரவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தார். பத்து நிமிடம் பார்த்தார்.

"நின்னுடுச்சு டீச்சர்."

டாக்டர் தாளைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து உருவினார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கணினி மேசைக்குப் போய், அங்கிருந்த நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"வாம்மா. உன் இடம்" என்றார்.

செங்கமலம் உடனே உட்காரவில்லை. ஞானப்பிரகாசத்திடம் வந்தாள். திட்டுவாள் என்று அவர் நினைத்தார். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அந்தத் தாளை நாலு நாளா திருப்பித் திருப்பிப் பாத்தேங்க. எழுதினவங்க யாருன்னு அதுல எங்கயுமே இல்லை. நான் இல்லீங்கன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அவர் தலை குனிந்தார்.

"சரி, விடுங்க. நீங்க நேத்து அந்த லாரிக்காரரைப் பிடிச்சுக் கொடுக்கலைன்னா அந்தப் பொண்ணு போயிருக்கும். புள்ளையைப் பாத்துட்டுப் போங்க."

குழந்தை பழைய புடவைத் துணியில் சுற்றப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் அம்மா இவர்கள் யாரென்று தெரியாமலேயே சிரித்தாள்.

பெட்டிக்குப் புதிய கடவுச்சொல் வைத்து, வெளியிலிருந்து நுழையும் வழியை அடைத்துவிட்டு, மதியம் பேருந்து ஏறினார்கள். வழியிலேயே ஞானப்பிரகாசம் தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அங்கே என்ன நடந்தது, எப்போது சரியானது என்பதைப் பட்டியல்காரர்களுக்கு எழுதினார். மெஹருன்னிசா தடுப்பை எடுத்தாள். தஞ்சாவூர் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை லாகில் நானூற்றுப் பன்னிரண்டு புதிய முகவரிகள் இருந்தன. எல்லாவற்றையும் தடுத்தார். புகார் பக்கத்தைத் திறந்தார். பதினொரு மணிவரை ஒரு வரிகூட எழுதவில்லை.

"டீச்சர், இதுல எத்தனை பேர் செங்கமலம் மாதிரி?"

"தெரியாது சார்."

"எத்தனை பேர் நிஜத் திருடன்?"

"அதுவும் தெரியாது."

"அப்ப எழுதாமலே விட்டுட்டா என்ன?"

"விட்டிருந்தா அந்தப் பெட்டிக்குள்ள இன்னிக்கும் எவனோ உக்காந்திருப்பான். பிரசவ வார்டு நடை முழுக்க அவனுக்குத் தெரியும்."

ஞானப்பிரகாசம் திரையைப் பார்த்தார். புகாருக்குக் கீழே அந்த இரண்டு வரி இடம் வெள்ளையாக இருந்தது.

"அப்ப எப்படித்தான் டீச்சர் எழுதறது?"

மெஹருன்னிசா தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"நேரத்தை எழுதுங்க. எத்தனை தடவைன்னு எழுதுங்க. கீழ உங்க பேரையும் போன் நம்பரையும் எழுதுங்க."