ஆவுடையப்பன் செத்த நேர்த்தி

சாத்தாங்குறிச்சியில் வருசத்துக்கு ஒருநாள் பாண்டியராசாவும் சேரராசாவும் சண்டை போடுவார்கள். தகர வாள், அட்டைக் கேடயம், அம்மன் கோயில் பொட்டல்தான் போர்க்களம். வெட்டுப்பட்டு விழுந்தவர்கள் அசையாமல் கிடக்கவேண்டும். கடைசியில் பெண்கள் வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்ததும், அம்மன் உயிர் கொடுத்ததாக எல்லாரும் எழுந்துவிட வேண்டும். அதுதான் முறை.

முப்பது வருசமாக முதல் வெட்டு வாங்கிச் சாகிறவர் ஆவுடையப்பன். ராசா வேசம் அவர் கேட்டதில்லை. தன் முகத்துக்கு யாரும் தரமாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். ஆனால் போன வருசம் தண்ணீர் தெளித்தும் முட்டி கேட்காமல் கிடந்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து தூக்கவேண்டியதாயிற்று. அம்மன் எழுப்பவேண்டியவரை ஆள் தூக்கினால் ஊருக்கு ஆகுமா?

சண்டைக்கு முந்தின சாயங்காலம் பொட்டலில் யாருக்கு எந்த வேசம் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். விழாத் தலைவர் மாசானம் ஆவுடையப்பனுக்கு மச்சினன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அத்தான், முட்டி கேக்க மாட்டேங்குது, இந்த வருசம் நீங்க நாற்காலியில உக்காந்து பாருங்க."

தாயே, ஒரு நல்ல பொய்யாகப் பார்த்துக் கொடு என்று அம்மனை வேண்டிக்கொண்டு ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.

"முட்டின்னு எவன் சொன்னான்? நான் செத்த நேர்த்தி அப்படி, மாப்ளே. மொத வருசம் நான் விழுந்ததைப் பாத்து ஊர்க் காக்கா அத்தனையும் வரிசையா வந்து உக்காந்துச்சு, சோறு எப்போ வைப்பாங்கன்னு."

"மடியில முறுக்கு வச்சிருந்திருப்பீங்க அண்ணாச்சி," என்றாள் மஞ்சள் குடம் எடுக்கிற கோமு.

"முறுக்கும் இருந்துச்சு, இல்லைங்கல. இன்னொரு வருசம் என்னை வெட்டின சேரப்படைக்காரன், வாளைப் போட்டுட்டு நேரா எங்க வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போயிட்டான். உங்கக்கா அவனை உக்காரவச்சு வடை பாயாசத்தோட சோறு போட்டிருக்கா."

"அக்கா அழலையா அத்தான்?"

"ரெண்டாந்தரம் பாயாசம் ஊத்துறதுல மறந்துட்டாளாம். போன வருசக் கதையக் கேளு. எமதர்மராசாவே எருமையில வந்து எறங்கிட்டாரு. ஏட்டப் பொரட்டுதாரு, எம்பேரு இல்ல. ஆளு செத்துக் கெடக்கான், பேரக் காணோமேன்னு எம் நெஞ்சுமேலயே உக்காந்து மொதப் பக்கத்துலேருந்து படிக்க ஆரம்பிச்சுட்டாரு. எமன் உக்காந்திருக்கையில எப்படி எந்திரிக்க?"

"அதான் அந்தக் கனமா?" என்றார் தூக்கின நாலு பேரில் ஒருவர். "எருமையும் ஏறியிருந்துச்சோ?"

"எருமை ஏறல. நான் கெடந்த கெடையப் பாத்து, நம்ம சாதிசனம்னு நெனச்சு பக்கத்துல படுத்துக்கிச்சு."

பொட்டலே சிரித்தது. மாசானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி அத்தான், இப்ப விழுந்து எந்திரிச்சுக் காட்டுங்க. பேரை எழுதிடுதேன்," என்றார்.

ஆவுடையப்பன் விழுந்தார். முப்பது வருசப் பழக்கம், விழுந்ததில் ஒரு குறையும் இல்லை. கோமு தண்ணீர் தெளித்தாள். அவர் கையை ஊன்றினார், புரண்டார், மறுபக்கம் புரண்டார். முட்டி மசியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மாசானம் நாலு பேரைக் கூப்பிட்டார்.

"தொடாதீங்கவே," என்றார் ஆவுடையப்பன், வானத்தைப் பார்த்தபடி. "கோமு, நீ தெளிக்கிறத நிறுத்தாத. இப்பவே ஆரம்பிச்சா நாளைக்குச் சண்டை முடியுறதுக்குள்ள எந்திரிச்சிருவேன்."