மாமன் எடுத்த வெள்ளை உடுப்பு

தேவாலயத் திருவிருந்துக்கான திராட்சை ரசத்துக்காகப் போதகரம்மா சுகிர்தம் உலர்ந்த திராட்சையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் வேதம் படிக்கும் தேவஇரக்கம் உள்ளே வந்தார். நாற்பது வயது. ஊர்க் கோயிலில் உபதேசியார். கக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது.

"அம்மா, எனக்கு ஒரு வசனம் வேணும். கேட்டதும் ஆள் வாயை மூடிடணும்."

"யார் வாயை?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர் சூசை. ஆர்.சி.க்காரர், கத்தோலிக்கர். ஆண்டவர் அப்பத்தைக் கொடுத்து 'இது என் சரீரம்'னு சொன்னாரே, அதை அப்படியே எடுத்துக்கணும்கிறார். அடையாளமாச் சொன்னதுங்கிறேன் நான். தன்னை வாசல்னும்தான் சொன்னார். அதுக்காக அவருக்குத் தாழ்ப்பாளா போடறது?"

போதகரம்மா சிரித்துவிட்டார். "இதை அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'உங்க கோயில்ல தர்றது வெறும் ரொட்டிதான், டீ இருந்தா தொட்டுக்கலாம்'னார். பந்தியே சிரிச்சுது."

"நீங்க சும்மா இருந்தீங்களாக்கும்?"

"இருப்பேனா? 'நிஜ மாமிசம்னா, நீங்க கறி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமை அதை எப்படி வாயில வைக்கிறீங்க'ன்னு கேட்டேன். அதுக்கு யாரும் சிரிக்கல. கிறிஸ்மஸ் விருந்து பாதியில நின்னுபோச்சு. அதோட எங்களுக்குள்ள பேச்சு இல்ல."

போதகரம்மா தண்ணீரை வடித்தார். "இப்ப என்ன அவசரம்?"

"அடுத்த ஞாயிறு அவர் மக ஜெனிபாவுக்குப் புதுநன்மை. முதல் தடவையா நற்கருணை அப்பம் வாங்கப் போறா. நான் தோள்ல தூக்கி வளர்த்த பிள்ளை."

"அப்போ போகணுமே."

"எப்படிம்மா போவேன்? போய் நின்னா அவர் சொன்னதை ஒத்துக்கிட்டதா ஆயிடும். ஆனா முறையை நான் விடல. அன்னைக்குப் போடற வெள்ளை உடுப்பு மாமன் எடுக்கணும். நல்லதாப் பார்த்து எடுத்து, தெரிஞ்ச கண்டக்டர் கையில தூத்துக்குடிக்குக் கொடுத்தனுப்பினேன்."

"பிறகு இந்தப் பொட்டலம்?"

தேவஇரக்கம் அதை மேஜைமேல் வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"அதுதான். திரும்பி வந்துட்டுது."

"சூசை அனுப்பிட்டாரா?"

"இல்ல. பிள்ளைதான். போன்ல சொல்றா: 'மாமா, இது கடை உடுப்பு. நீங்க கொண்டு வந்தாத்தான் மாமா உடுப்பு. வரலேன்னா நான் பள்ளிக்கூட யூனிபாரத்துலயே பூசைக்குப் போயிடுவேன்.'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாமா ஆசையா எடுத்தது பாப்பா, அதைப் போட்டுக்கிட்டு மாமாவை நினைச்சுக்கோன்னேன்."

"அதுக்கு?"

"போனை வச்சுட்டா."

போதகரம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். பொட்டலத்தைப் பிரித்தார். கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன முத்து வைத்த கவுன். மடிப்புக் கலையாமல் மறுபடி சுற்றினார். மேஜைமேல் வைக்கவில்லை, தேவஇரக்கத்தின் கையில் கொடுத்தார்.

"வசனம் கேட்டேனே அம்மா?"

"தர்றேன். முதல்ல தூத்துக்குடிக்குப் போயிட்டு வாங்க."

"அங்கே சூசை மறுபடியும் ரொட்டி, டீன்னு ஆரம்பிச்சா?"

"டீ கொண்டு வரச் சொல்லுங்க. குடிங்க."

தேவஇரக்கம் சிரிக்கவில்லை. "அப்போ அது சரீரமா, அடையாளமா? உங்க பதில் என்ன?"

"இதை உங்க கையால பிள்ளைகிட்டக் கொடுங்க. போட்டுக்கிட்டு உங்க முன்னால வந்து நிப்பா. அப்போ அவகிட்டக் கேளுங்க, இந்த உடுப்பு உன் மாமாவா, மாமாவோட அடையாளமான்னு. அவ என்ன சொல்றான்னு வந்து சொல்லுங்க. அதுக்கேத்த வசனத்தை நான் எடுத்துத் தர்றேன்."