குத்தமில்லை

"டீச்சர், இங்கிலீஷ் ஒரு பொய் சொல்லுற பாஷை," என்றார் சங்கரபாண்டியன்.

தென்காசியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அயர்லாந்துக்கு வேலைக்குப் போன மகள், அந்த ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை முதல் தடவையாக வீட்டுக்கு வரப்போகிறார். அவரோடு நாலு வார்த்தை பேசத்தான் இந்த வயதில் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருந்தார்.

டீச்சர் ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயதுதான்.

"என்ன பொய் ஐயா?"

"போன்ல மாப்பிள்ளைகிட்ட, இங்க மழைன்னேன். 'லவ்லி'ங்கிறார். மத்தியானம் தூங்கினேன்னேன். 'கிரேட்'டாம். தூங்கினதுல என்ன கிரேட்டு? அந்த பாஷையில எல்லாமே நல்லதுன்னா, நிஜமா நல்லது எதுன்னு எப்படித் தெரியும்?"

ஜெசிந்தா சிரித்தாள்.

"சாப்பாடு நல்லா இருந்தா உங்க வீட்டம்மாகிட்ட என்ன சொல்வீங்க?"

"குத்தமில்லைம்பேன்."

"ரொம்ப நல்லா இருந்தா?"

யோசித்தார்.

"ஒண்ணும் சொல்லமாட்டேன். இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு தட்டை நீட்டுவேன்."

"நல்லா இல்லைன்னா?"

"அதைச் சொல்ல வார்த்தைக்கா பஞ்சம்!"

ஜெசிந்தா சாக்பீஸை எடுத்தாள். எழுதாமலே திரும்ப வைத்தாள்.

"இன்னைக்கு மத்தியானம் அவங்க சமையல் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அதுதான் வீட்டுப்பாடம்."

"ஆவுடையம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"தமிழ்லயே சொல்லுங்க."

மறுநாள் முறைப்போடு வந்து உட்கார்ந்தார்.

"சொன்னீங்களா ஐயா?"

"சொன்னேன். சோத்தைப் பிசைஞ்சுகிட்டே பத்து நிமிஷம் இருந்துட்டு, 'குழம்பு ரொம்ப நல்லா இருக்கு ஆவுடை'ன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கரண்டியைக் கீழ வச்சிட்டா. 'என்ன செய்யுது உங்களுக்கு?'ன்னு பதறுறா. பக்கத்துல வந்து, நெத்தியில கை வச்சு, காய்ச்சல் அடிக்குதான்னு பாக்கிறா. இதெல்லாம் நம்ம வீட்டுல எடுபடாது டீச்சர்."

"காய்ச்சல் இருந்துச்சா?"

"எங்க இருக்கு!"

"உடனே கையை எடுத்துட்டாங்களா?"

சங்கரபாண்டியன் தன் நெற்றியை மெல்லத் தடவிக்கொண்டார்.



"இல்லை," என்றார்.