பாயசத்துக்கு முன் எழுந்த ராஜா

செம்பூர் ராஜா கந்தப்பருக்குப் பாயசம் என்றால் உயிர். இரண்டாம் கிண்ணம் குடிக்காமல் அவர் இலையை விட்டு எழுந்ததை அரண்மனையில் யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள், விருந்துக்கு வரவிருந்த வெள்ளைக்காரத் துரையிடமிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. துபாஷி தருமலிங்கம் அதைப் படித்துத் தமிழில் சொன்னான். "பாகற்காயைத் துரை 'டிடெஸ்ட்' செய்கிறாராம், மகாராஜா."

"அப்படியென்றால்?"

ஆஸ்தானப் புலவர் ஏகாம்பரனார் முந்திக்கொண்டார். துபாஷி வேலையைத் தம் மருமகனுக்கு வாங்கித்தர அவருக்கு வெகுநாள் ஆசை. "பிடிக்காது என்று அர்த்தம். அவ்வளவுதான். பரிமாறுவோம், வேண்டாமென்றால் ஓரத்தில் ஒதுக்கட்டுமே!"

"பிடிக்காததற்கும் மேலே, மகாராஜா" என்றான் தருமலிங்கம். "பரிமாறினால் துரை கோபித்துக்கொள்வார்."

"எவ்வளவு மேலே?"

தருமலிங்கம் கடிதத்தை மறுபடி புரட்டிப் பார்த்தான்.

"நாளை மதியச் சாப்பாட்டுக்குள் புரியவை. இல்லையென்றால் உன் வேலை புலவரின் மருமகனுக்கு."

மறுநாள் பந்தியில் ராஜா கொத்தவரங்காய்ப் பொரியலை இலை ஓரத்துக்குத் தள்ளினார்.

"அது ஏன் ஓரத்தில், மகாராஜா?" என்று கேட்டான் தருமலிங்கம்.

"பிடிக்காது."

"ஆனாலும் சாப்பாடு நடக்கிறது. இது வெறும் பிடிக்காதது."

"சரி, டிடெஸ்ட் எங்கேயப்பா?"

தருமலிங்கம் புலவர் பக்கம் திரும்பினான். "ஐயா, பொங்கலன்று மகாராஜாவின் மீசைமேல் அறுபது வெண்பா பாடினீர்கள். மீதி நாற்பது தயார் என்றீர்களே? பாயசம் வருமுன் ஆரம்பிக்கலாமே!"

புலவர் முகம் மலர்ந்தது. மடியிலிருந்து ஏட்டை எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

சட்டென்று ராஜா இலையை மடித்தார். எழுந்தே விட்டார்! பாயச வாளியோடு வந்த பரிசாரகர் திகைத்து நின்றார். "மகாராஜா, பாயசம்!"

"வேண்டாம்! ஒரு சொட்டும் வேண்டாம்!"

முற்றத்துக்கு விரைந்தவரின் பின்னாலேயே ஓடி, கைகழுவத் தண்ணீர் ஊற்றினான் தருமலிங்கம்.

"இதுதான் மகாராஜா, டிடெஸ்ட்."

ராஜாவின் கை அப்படியே நின்றது. பிறகு வேட்டியெல்லாம் நனையும்படி குலுங்கிச் சிரித்தார்.

"துரைக்குப் பாகற்காய் வேண்டாம். உன் வேலை உனக்கே, ஒரு சால்வையும் வாங்கிக்கொள். அந்தப் பாயசத்தை இங்கே கொண்டுவரச் சொல்."

"சொல்கிறேன் மகாராஜா. புலவர் உள்ளே மூன்றாம் வெண்பாவில் இருக்கிறார்..."

"பரிசாரகரை வரும்போது கதவைச் சாத்திவிட்டு வரச் சொல்!"