யாளி வாயில் மாம்பழம்

முன்னொரு காலத்திலே, கல்லுக்கும் பசியெடுத்த காலத்திலே, தாழைப்பட்டணம்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. கோரவாயன்னு ஒரு மந்திரவாதி அங்கே சந்தையிலே ஒரு கல் யாளியைக் கொண்டுவந்து வெச்சான். சங்கிலியை இழுத்தால் அதன் வாயிலிருந்து மாம்பழம் விழும். அடேயப்பா, என்ன ருசி! ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் இழுத்தவன் ஆயுசில் ஒரு நாள் மந்திரவாதிக்குப் போயிடும், அன்றாடம் அதிலேதான் அவன் உயிர் ஓடுச்சு. அது யாருக்குமே தெரியாது.

முதல் வாரம் இழுத்தபோதெல்லாம் விழுந்தது. அப்புறம் மூணாவது இழுப்பில் ஒண்ணு, நாற்பதாவதில் ஒண்ணு. ஊரே துண்டு போட்டு இடம் பிடித்து இழுத்தது. வயல் காய்ந்தது, மாடு செத்தது, ஒருத்தனும் நகரவில்லை.

நாச்சியின் புருஷன் மருதனும் அங்கேதான் கிடந்தான். கைக்குழந்தைக்குக் காய்ச்சல்னு மூணு தரம் போய்க் கூப்பிட்டாள். மூணு தரமும் ஒரே பதில்: "இன்னும் ஒரே ஒரு இழுப்பு, நாச்சி!" பத்து நாளைக்கு ஒருதரம் பழத்தோடு வருவான், "என் ராசாத்தி" என்பான். அதை நம்பி மற்ற ஒன்பது நாளும் வாசலிலேயே நிற்பாள், பைத்தியக்காரி.

ஒருநாள் மறுபடி சந்தைக்குப் போனவளுக்கு யாளியின் முதுகுப்பக்கம் அழுகுரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், உள்ளே கட்டிப்போட்ட ஒரு குரங்கு. பழம் போடுவது அதுதான்.

"ஏம்ப்பா, எல்லா இழுப்புக்கும் போட்டால் என்ன?"

"போட்டால் வயிறு நிறைஞ்சு போயிடுவாங்க தாயே. அப்புறம் நிறுத்தினால் அன்னிக்கே தெரிஞ்சிடும். எப்ப விழும்னு தெரியாதவன்தான் நகரமாட்டான். எசமான் உத்தரவு."

நாச்சிக்குச் சுரீரென்றது. கோரவாயன் வெளியூர் போன மூணு நாளும் இழுத்தபோதெல்லாம் போடச் சொன்னாள். ஜனங்களுக்குத் திகட்டிப்போச்சு. நாலாம் நாள் குரங்கின் கட்டை அறுத்துவிட்டாள். இழுத்தார்கள், இல்லை. இழுத்தார்கள், இல்லை. இழுத்தார்கள், இல்லை. "சீ, கெட்டுப்போச்சு!" என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்கள். திரும்பி வந்த கோரவாயன், இழுக்க ஆளில்லாமல் அன்று மாலையே கிழடாகிச் சாம்பலானான். ராஜா நாச்சிக்கு ஏரிக்கரையில் நிலம் கொடுத்தார். குழந்தையும் பிழைத்தது.

மருதன் வந்தான். "யாளி இனிமே கொடுக்காதாம். அதான் வந்துட்டேன்."

"கொடுத்திருந்தா?"

அவன் கண் சந்தைப் பக்கம் திரும்பியது. அவள் கதவைச் சாத்தினாள்.

வாசலில் துண்டைப் போட்டு உட்கார்ந்தான். தட்டினான், கெஞ்சினான், அழுதான். ஒருதரம் திறந்திருந்தால் ஆயுசுக்கும் தட்டியிருப்பான். குழந்தையை அணைத்துக்கொண்டு உள்ளே அவளும் அழுதாள், ஆனால் திறக்கவில்லை. எட்டாம் நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கதை அவ்வளவுதான். எழுந்து வீட்டுக்குப் போங்க, அங்கே வாசல்லே யாராவது நின்னுக்கிட்டிருப்பாங்க.