இருபதாவது வீடு

“டீச்சர், பொய் சொல்லலாமா?”

வைத்தியலிங்கம் உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

ரெஜினா பள்ளிக்கூடச் சேர்க்கை விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“யார்கிட்ட?”

“வீட்டுக்காரங்ககிட்ட.”

ரெஜினாவுக்கு முப்பத்தேழு வயது. முன்பு பால்வாடியில் டீச்சராக இருந்தவர். இப்போது, வீடு இழந்த குடும்பங்களுக்காக ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறார். தகரக் கூரை போட்ட அலுவலகம், பின்னால் மூன்று அறைகள். அவ்வளவுதான் சங்கம்.

வைத்தியலிங்கத்துக்கு ஐம்பத்தொன்பது. மின்சார அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதமாக இங்கே வருகிறார். தன்னைவிட இத்தனை வயது இளையவரிடம் வேலை கற்பதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. பயம்தான் இருந்தது. தன் கையால் எதுவும் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம்.

“காத்தமுத்து விஷயமா?” என்றார் ரெஜினா.

“ஆமா டீச்சர். பத்தொன்பது வீடு பார்த்துட்டேன்.”

காத்தமுத்து மண்டியில் மூட்டை தூக்கியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். மனைவி செல்லக்கிளி. இரண்டு பெண் குழந்தைகள்.

வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். மராமத்து வேலை இருக்கிறதாம்.

உண்மையான காரணம் தெருவுக்கே தெரியும். அந்த வீட்டில் ஒரு சாவு விழக் கூடாது.

இன்று வியாழன். மணி பதினொன்று.

சங்கத்தின் மூன்று அறைகளிலும் ஆள் இருந்தது. ஊரில் இருந்த மற்ற காப்பகங்களில் ஆண்களுக்கு ஓர் இடம், பெண்களுக்கு வேறோர் இடம். முதல் நாளே அதைச் செல்லக்கிளியிடம் சொல்லிப் பார்த்தார் வைத்தியலிங்கம். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ராத்திரி அவருக்கு மூச்சு வாங்குனா யார் சார் தூக்கி உட்கார வைப்பா?”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

“உண்மையைச் சொன்னா கதவைச் சாத்துறாங்க டீச்சர். ஒரு அம்மா கையில இருந்த சாவியை என் கண்ணு முன்னாடியே முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. சொல்லாம விட்டா வீடு கிடைச்சிரும். ஒரு மாசத்துல தெரிஞ்சுபோய் மறுபடி துரத்துவாங்க. நான் என்ன செய்யட்டும்?”

ரெஜினா பேனாவை மூடினார்.

“போனதும் முதல்ல என்ன சொல்றீங்க?”

“சங்கத்துல இருந்து வர்றேன், ஒரு குடும்பத்துக்காக வீடு பார்க்கிறேன்னு.”

“அப்புறம்?”

“அடையாள அட்டையைக் காட்டுவேன். வாடகைக்கு ஆறு மாசம் சங்கம் பொறுப்புன்னு எழுதின தாளைக் காட்டுவேன்.”

“அவங்க என்ன கேப்பாங்க?”

“அவங்க என்ன ஆளுங்கன்னு கேப்பாங்க. தெரியாதும்பேன். அப்புறம் என்ன நோயின்னு கேப்பாங்க. சொல்லுவேன்.”

“நல்லா சொல்றீங்க,” என்றார் ரெஜினா.

எழுந்து வந்தார். வைத்தியலிங்கத்தின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றும்படி கையை நீட்டினார். வைத்தியலிங்கம் கழற்றிக் கொடுத்தார். அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

“வாடகைத் தாள் இருக்கட்டும். அடுத்த வீட்டுக்குக் காத்தமுத்துவையும் கூட்டிட்டுப் போங்க.”

“டீச்சர், அவர் காலெல்லாம் வீங்கியிருக்கு. முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுரும்.”

“தெரியட்டும்.”

“அப்ப நான் பொய் சொல்லலாமா, கூடாதா?”

ரெஜினா மறுபடி விண்ணப்பத்தில் குனிந்துவிட்டார்.

வைத்தியலிங்கம் வெளியே வந்தார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மனிதன் நாளை தெருவுக்கு வரப்போகிறான், இவர் என்னடாவென்றால் அட்டையை வாங்கிப் பூட்டிக்கொள்கிறார். கோபம்கூட முழுதாக வரவில்லை. கோபத்துக்கும் நேரம் வேண்டுமே.

காத்தமுத்துவின் வீட்டு வாசலில் ஒரு அரிசிச் சாக்கு நின்றது. மூத்தவள் மலர்க்கொடி தன் புத்தகங்களையும் தங்கையின் சிலேட்டையும் அதில் அடுக்கிக் கட்டிவைத்திருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லையாம். அவளாகவே கட்டினாளாம்.

காத்தமுத்து சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பத்து அடிக்கு ஒருமுறை நின்றார்.

“நான் வேணாம் சார். என்னைப் பார்த்தா தரமாட்டாங்க.”

“டீச்சர் சொன்னாங்க.”

“டீச்சருக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

“எனக்கும் அப்படித்தான் தோணுது.”

இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

அந்த வீடு ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் இருந்தது. ஒரு அறை, சமையல்கட்டு, தனியாகக் கக்கூஸ். எட்டு மாதமாகக் காலி. மில்லை நடத்திய அம்மாவின் பெயர் ராஜாமணி. ஐம்பது வயதிருக்கும். முழங்கைவரை மாவு. வந்தவர்களைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார்.

முதலில் காத்தமுத்துவின் கால்களைப் பார்த்தார். அப்புறம் முகத்தை.

“கிட்னியா?”

வைத்தியலிங்கம் வாய் திறப்பதற்குள் காத்தமுத்து பேசிவிட்டார்.

“ஆமாம்மா. ரெண்டும் போச்சு. இந்த வீட்டுல சாக மாட்டேன்னு உங்களுக்கு என்னால வாக்குக் கொடுக்க முடியாது.”

முடிந்தது என்று நினைத்தார் வைத்தியலிங்கம். சாக்கும் சிலேட்டும் கண்ணுக்குள் வந்து நின்றன.

ராஜாமணி கதவைச் சாத்தவில்லை. ஒரு மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு, “உட்காருங்க,” என்றார் காத்தமுத்துவிடம்.

பிறகு அவரே சொன்னார்.

“முன்னாடி இருந்தவன் அப்பாவுக்குச் சீக்குன்னு சொல்லவே இல்ல. ஒரு நாள் விடிஞ்சதும், அப்பா போயிட்டாரு, சொந்தக்காரங்களைக் கூட்டியாறேன்னு கிளம்பினான். வந்தது பொழுது சாயும்போது. அதுவரைக்கும் அந்தப் பெரியவர் பக்கத்துல நான் மட்டும்தான். தெருவுல ஒரு ஆள் எட்டிப் பார்க்கல. ஈ ஓட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.”

ராஜாமணி மிஷின் மேல் படிந்த மாவைத் தட்டிவிட்டார்.

“சாவுக்கெல்லாம் நான் பயப்படலைங்க. எங்க வீட்டுக்காரரும் இங்கேதான் போனாரு.” அவர் காத்தமுத்துவைப் பார்த்தார். “உங்களுக்கு ஒண்ணுன்னா அன்னிக்கு யாரு வந்து நிப்பா? அதைச் சொல்லுங்க.”

வைத்தியலிங்கம் வாடகைத் தாளை எடுத்தார். அதில் அதற்குப் பதில் இல்லை.

காத்தமுத்து தரையைப் பார்த்தார். “சம்சாரம் இருக்கா. புள்ளைங்க சின்னது. ஊர்ல யாரும் இப்பப் பேசுறதில்ல.”

“அப்ப யாரும் இல்ல.”

“நான் வருவேன்,” என்றார் வைத்தியலிங்கம்.

ராஜாமணி அவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க யாரு?”

கை தன்னால் நெஞ்சுக்குப் போனது. சட்டைப் பொத்தான்தான் தட்டுப்பட்டது.

“அண்ணன்.”

“கூடப் பொறந்தவரா?”

பக்கத்தில் காத்தமுத்து நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“ஆமா.”

ராஜாமணி இரண்டு முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நிறத்தில் ஒற்றுமை இல்லை, மூக்கில் இல்லை, எதிலும் இல்லை.

“கூடப் பொறந்த அண்ணன்னா உங்க வீட்டுலயே வெச்சுக்கலாமே?”

வைத்தியலிங்கத்தின் வீட்டில் மாடி அறை இருந்தது. மகன் வெளிநாட்டில். வருடத்தில் ஒருமுறை திறந்து பெருக்குவார்கள். இந்தப் பத்தொன்பது வீட்டு வாசலிலும் அந்த அறை ஒருமுறைகூட அவர் நினைவுக்கு வந்ததில்லை.

“எனக்குத் தைரியம் இல்லைங்க,” என்றார். “வீட்டுல சொல்லத் தைரியம் இல்ல.”

குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

ராஜாமணி முந்தானையால் முழங்கை மாவைத் துடைத்தார்.

“எல்லா அண்ணனும் அப்படித்தான்,” என்றார். உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். “உங்க வீட்டு விலாசம், போன் நம்பர் எழுதிக் கொடுங்க. கூப்பிட்டா வரணும்.”

வைத்தியலிங்கம் வாடகைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். சங்கத்தின் விலாசத்தை அல்ல. தன் வீட்டு விலாசத்தை. கதவு எண் கோணலாக விழுந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

திரும்பும்போது ஆட்டோ சந்துக்குள் வரவில்லை. சாக்கடையைத் தாண்ட வேண்டியிருந்தது. காத்தமுத்து நின்றார். கேட்காமலே வைத்தியலிங்கத்தின் தோளில் கையைப் போட்டுக் காலை எடுத்து வைத்தார். கனமான கை. தாண்டிய பிறகும் எடுக்கவில்லை.

செல்லக்கிளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அலுவலகம் வந்தபோது மணி நாலு. ரெஜினா இரண்டு பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“வீடு கிடைச்சிருச்சு டீச்சர்.”

“நல்லது.”

“ஆனா பொய் சொல்லிட்டேன்.”

சீப்பு நின்றது. “என்ன சொன்னீங்க?”

நடந்ததை எல்லாம் சொன்னார். மாவு டின்னில் தொடங்கி எதையும் விடாமல் சொன்னார். மாடி அறையையும் சொன்னார். சொல்லி முடித்தபின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்தம்மா என்னை நம்பிட்டாங்களான்னும் தெரியல. நாளைக்கே விசாரிச்சா நான் அண்ணன் இல்லேன்னு தெரிஞ்சுரும். என்ன செய்யறதுன்னு சொல்லுங்க டீச்சர்.”

ரெஜினா பின்னலை முடித்து ரிப்பன் கட்டினார். பிள்ளை ஓடிவிட்டது.

“நாளைக்குச் செல்லக்கிளி சாமான் ஏத்தணும்,” என்றார். “உங்க தம்பிக்குக் காலையில ஏழு மணிக்கு டயாலிசிஸ்.”